ரோட்டுக்கு இந்தப் பக்கம்

கள்ளக்குறிச்சியில் என் மகள் படித்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு. இப்போதும் அந்த வழியாக வண்டியில் போனால் கை தானாக பிரேக்கைப் பிடித்துவிடுகிறது. ஏழு வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், பெற்றோர் கூட்டம் நடக்கிற நாட்களில் மட்டும். வடை நன்றாக இருக்கும். கூட்டம் உள்ளே நடக்கும், பெற்றவன் நான் வெளியே வடை தின்றுகொண்டிருப்பேன்.

அது ஆரம்பித்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். தேவதர்ஷினியை ஆறாம் வகுப்பில் சேர்க்க, கச்சிராயபாளையத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்தேன். இஸ்திரி போட்ட சட்டைதான். ஆனால் கரும்பு வெட்டுகிறவன் கையை எந்தச் சட்டை மறைக்கும்? உள்ளே கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும், "வேலைக்கு வந்த ஆளுங்கல்லாம் பின்கேட்டு" என்றார். பெண்ணைச் சேர்க்க வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளை அங்கேயே நிறுத்திவிட்டு, பின்கேட்டுக்குப் போய் சித்தாள்களோடு வரிசையில் நின்றேன். மேஸ்திரி பெயர் கேட்டபோதுதான் புத்தி வந்தது.

உடனே மச்சான் வெற்றிவேலுக்கு போன் போட்டேன். என் மனைவியின் தம்பி. பி.ஏ. படித்தவன், ஜெராக்ஸ் கடையில் வேலை, எப்போதும் பேண்ட்தான். அவன் வந்து உள்ளே போய்ச் சேர்த்துவிட்டான். அவனையே அப்பா என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் திருத்தவில்லை, நானும் திருத்தச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொளஞ்சியப்பன் என்ற என் பெயரில் அவன்தான் உள்ளே போனான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் கேவலம்.

"ஏம்பா நீ வரல?" என்று முதல் வருஷம் மகள் கேட்டாள். "மாமந்தான் நல்லா பேசுவான்" என்றேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். டீச்சர் சொன்னதை வெற்றிவேல் வந்து ஒப்பிப்பான். நான் இன்னொரு டீ சொல்லிவிட்டு, பரீட்சை எழுதியவன் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களை நினைத்து இப்போதும் ஏங்குகிறேன்.

பன்னிரண்டாவதில் அரையாண்டு முடிந்ததும், அப்பா கண்டிப்பாக வரவேண்டும் என்று வகுப்பு டீச்சர் அருள்மொழி சொல்லி அனுப்பியிருந்தார். நான் பெஞ்சில் இருந்தேன். வெற்றிவேல் போன் செய்தான்.

"மாமா, பஸ்சு சங்கராபுரத்தாண்ட நின்னுபோச்சு. நீங்க உள்ள போவாதீங்க. டீச்சராண்ட நான் போன்லயே பேசிக்கிறேன்."

பெஞ்சிலிருந்து பார்த்தால் வராண்டா தெரியும். வரிசையில் ஒவ்வொரு பெண்ணோடும் அம்மாவோ அப்பாவோ இருந்தார்கள். என் பெண் தனியாக நின்றாள். வரிசை நகரும்போதெல்லாம் பஸ் வரும் பக்கம் எட்டிப் பார்த்தாள். டீக்கடைப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. என்னை அவள் எதிர்பார்க்கவே இல்லை. டம்ளரை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டினேன். எங்கள் முறை வந்ததும் அவளோடு அறைக்குள் போனேன்.

"நீங்க யாருங்க? அவ அப்பா வரலையா?" என்றார் டீச்சர்.

பெரியப்பா என்று சொல்ல நுனிநாக்கு வரைக்கும் வந்தது.

"நாந்தாங்க கொளஞ்சியப்பன். இதுக்கு அப்பா. இத்தினி வருசமா வந்துகினு இருந்தது எம்மச்சான். கரும்பு வெட்றவன் வந்து நின்னா நல்லாருக்காதுன்னு நாந்தான் அனுப்பிச்சேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"உக்காருங்க. முதல் பீரியட்ல தூங்குறா. ரெண்டு வருஷமா கேக்குறேன், இவ ராத்திரி டிவி பாக்குறாள்னு உங்க மச்சான் சொன்னார். அதுக்காக இவளை வெளியகூட நிக்க வச்சிருக்கேன்."

வெற்றிவேல் ஒப்பித்ததில் இது வந்ததே இல்லை.

"டிவி கெட்டுப்போயி மூணு வருசம் ஆவுதுங்க. வெட்டு நாள்ல நானும் எம்பொண்டாட்டியும் நாலு மணிக்கே கெளம்பணும். அதுக்கு முன்னாடி எழுந்து எங்களுக்குச் சோறாக்கிக் கட்டிக்குடுக்குறது இதாங்க."

அதற்குப் பிறகும் பேசினேன், நிறுத்தவே தெரியாமல். என் பெண் நடந்துகொண்டேதான் படிக்கும், கணக்கு வராவிட்டால் சாப்பிடாது, கல்வராயன் மலைப் பக்கம் மேகம் கட்டினால் பக்கத்து வீட்டுத் துணியை ஓடி எடுத்துவிட்டுத் தன் யூனிபார்மை நனையவிடும் என்றெல்லாம் சொன்னேன். டீச்சர் சிரித்தார். அந்த அறையில் ஏழு வருஷமாகக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

அதுதான் கடைசிக் கூட்டம். இப்போது அவள் விழுப்புரத்தில் நர்சிங் படிக்கிறாள். எனக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான்.

அன்று வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது கேட்டேன். "வெளிய நிக்க வச்சாங்களே, அப்பகூட அவரு எங்கப்பா இல்லன்னு நீ ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ ஏன் வரலன்னும் சேத்து சொல்லணும்" என்றாள். "அத நான் எப்பிடிப்பா சொல்லுவேன்?"