தாளில் இல்லாத இரண்டு வரிகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மருந்துப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. மாத்திரை அட்டையோடு பொடியாக மடித்து ஒரு தாள் இருக்குமே, பெட்டியைத் திறந்ததும் கசக்கிப் போடுவீர்களே, அதைத் தமிழில் எழுதுவது என் வேலை. பதினோரு வருடமாக எழுதுகிறேன். என் எழுத்து போகாத வீடு இல்லை. ஆனால் அதை முழுக்கப் படித்தவர் என்று எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் இருக்கிறார். என் அக்கா.

கதை எழுதுவது இதுதான் முதல் தடவை. தொடக்கம் பிடிபடவில்லை. முயன்று கைவிட்டதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அழிப்பதில் எனக்கு இப்போது பயம் வந்துவிட்டது.

[முதல் தொடக்கம்: காலை பத்தே முக்கால் மணிக்கு, பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில், ஒரு பெண் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். இன்னும் இருபது நிமிடத்தில் என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் —

இந்த "அவளுக்குத் தெரியாது" எனக்குப் பிடிக்காது. கதை சொல்கிறவனுக்கு மட்டும் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு மிதப்பு. எனக்கும்தான் தெரியாது.]

[இரண்டாம் தொடக்கம்: ஒவ்வாமை என்பது, உடம்பு ஒரு மருந்தை எதிரி என்று தவறாக எண்ணி —

இது தாள். கதை இல்லை.]

மூன்றாம் தொடக்கத்தில் நான் வருகிறேன். அதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

2

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி போட்ட சின்ன அறை, ஒரு மைக், கிறீச்சிடும் மின்விசிறி, சுவரில் கால அட்டவணை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது சொல்வாள். குரல் மாறுவதை வைத்து நகரும் கதையில் குரலே பிழைப்பாக இருக்கும் ஒருத்தி வந்தால் இட்டுக்கட்டியது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்து, அவளைத் தையல்காரியாக்கி ஒரு பக்கம் எழுதினேன். தையல் மெஷினில் உட்கார்ந்துகொண்டும் "கனிவான கவனத்திற்கு" என்றாள். சரி, உன் வேலைக்கே போ என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு எந்த மருந்து வந்தாலும் முதலில் தாளை எடுத்து மடியில் விரிப்பாள். மைக் குரலில் படிப்பாள். "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்!" அவள் வீட்டுக்காரர், என் மாமா, காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார். "என் தம்பி எழுதினது, ஒரு தப்பு இருக்காது" என்பாள் அவர் முதுகைப் பார்த்து. எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.*

* ஒரு குறிப்பு, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடம் முன்பு அவளுக்கு உதட்டோரம் வைரஸ் கொப்புளம் வந்து ஒரு மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்ட அன்றே உடம்பெல்லாம் தடிப்பு, கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. "இந்த மருந்து இவருக்குக் கூடாது" என்று மருத்துவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வீடு மாறியபோது சீட்டு தொலைந்தது. மருந்தின் பெயர் அவளுக்கு மறக்கவில்லை. நானூறு ஊர்ப் பெயரைப் பார்க்காமல் சொல்கிறவள்.

3

மூன்றாம் தொடக்கம்.

தமிழுக்கு இடம் அதிகம் வேண்டும். தாளின் அளவோ ஏற்கெனவே முடிவானது. எங்கள் வடிவமைப்பாளரை அலுவலகத்தில் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு வருடம் முன்பு ஒரு நாள் அவர் என் மேசைக்கு வந்தார்.

"சார், ரெண்டு வரி வெளிய தொங்குது."

"எழுத்தைச் சின்னதாக்குங்க."

"இதுக்குக் கீழ போனா விதி ஒத்துக்காது. தாளைப் பெருசாக்கினா மடிப்பு மெஷின் ஒத்துக்காது. நீங்கதான் வெட்டணும்."

புதிதாக வந்த ஒரு வைரஸ் எதிர்ப்பு மாத்திரைக்கான தாள் அது. "யார் சாப்பிடக்கூடாது" என்ற தலைப்பின் கீழ், "இந்த மருந்து ஒவ்வாதவர்கள் சாப்பிடக்கூடாது" என்று இருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரி. இந்தப் புது மருந்து உடம்புக்குள் போனதும் ஒரு பழைய மருந்தாக மாறுகிறது, அந்தப் பழையது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஆபத்து என்று சொல்கிற வரிகள். எங்கள் தொழிலில் வெட்டச் சொன்னால் கண் முதலில் தேடுவது, சொன்னதையே திரும்பச் சொல்லும் இடத்தைத்தான். ஒவ்வாமை என்றுதான் மேலேயே வந்துவிட்டதே என்று நினைத்தேன். வெட்டினேன்.

சரிபார்க்கும் மருந்தாளர் தலைப்புகளை எண்ணினார். பதினாறும் இருந்தன. கையெழுத்துப் போட்டார். "கச்சிதமா உக்காந்துடுச்சு சார்" என்றார் மில்லிமீட்டர். இருவரும் டீ குடிக்கப் போனோம். நான் அன்று சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

 பழைய மருந்து, புது மருந்து இரண்டின் பெயரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் நீங்கள் அந்த இரண்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, உங்களுக்கு ஒத்துக்கொள்ளாததை மறந்துவிடுவீர்கள்.

4

போன மாதம் அக்காவுக்கு முதுகின் இடப்பக்கம் பட்டையாக எரிச்சல். மறுநாள் கொப்புளம். அக்கி என்றார் மருத்துவர், மாத்திரை எழுதினார். "சீக்கிரம் ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும். ஒத்துக்காத மருந்து ஏதாவது இருக்கா?"

"இல்ல டாக்டர்" என்றாள் இவள். வலியில் வாய்க்கு வந்தது அது.

பழைய மாத்திரையின் ஞாபகம் மறுநாள் காலை, பணியில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தபோதுதான் வந்தது. திரும்ப மருத்துவரிடம் கேட்கலாமா என்று யோசித்திருக்கிறாள். பிறகு, அதுதான் தம்பி எழுதியிருப்பானே என்று தாளை விரித்திருக்கிறாள். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை, அந்தப் பழைய பெயரைத் தேடியிருக்கிறாள். இல்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

(இந்தப் பத்தியை எழுதி முடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது.)

5

பதினொன்று ஐந்துக்கு அலுவலகத்தில் என் கைப்பேசி அடித்தது.

"டேய், உன் தாளப் படிச்சேன்டா. ஒரு எழுத்துப்பிழை கூட இல்ல."

"எந்தத் தாள்?"

மருந்தின் பெயரைச் சொன்னாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த நிமிடம் எதுவும் உறைக்கவில்லை. நூற்றுக்கணக்கான தாள் எழுதியாகிவிட்டது.

"உள்ளங்கை ரெண்டும் ஒரேயடியா அரிக்குதுடா. பணம் வரப்போகுது போல."

"வந்தா பாதி எனக்கு" என்று சிரித்தேன்.

[இந்த இடத்தில், "என் மனதில் ஏதோ நெருடியது" என்று எழுதியிருந்தேன். பொய். நெருடவில்லை. சிரித்தேன்.]

"அக்கி வேற பரவுதுடா. கையில வந்துடுச்சு, வயித்துலயும்."

அப்போதுதான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அக்கி பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு நின்றுகொள்ளும். "எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"கொப்புளமா, தடிப்பா?"

"தடிப்பு. கொசு கடிச்சாப்ல, பெருசு பெருசா." 'பெருசு' என்ற சொல் பாதியில் கரகரத்தது. இருநூறு தடவை கத்திய நாளிலும் கம்மாத குரல் அது.

"குரல் என்ன கம்முது?"

"தொண்டையில ஏதோ அடைச்சாப்ல இருக்கு. தண்ணி குடிச்சா சரியாயிடும்."

"உதடு?"

"மரத்துப்போன மாதிரி இருக்கு. ஏன்டா இப்படிக் கேள்வி கேக்கற?"

ஏனென்றால் அந்த வரிசை எனக்கு மனப்பாடம். நான் எழுதியது. தடிப்பு, உள்ளங்கை அரிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் மாற்றம், மூச்சில் விசில் சத்தம், தலைசுற்றல். குமட்டலும் தலைவலியும் மட்டும் என்றால் பெரும்பாலும் பக்கவிளைவு, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். இந்த வரிசை அப்படி இல்லை. இதற்குக் காத்திருக்கக் கூடாது. அவள் மூச்சு இழுக்கும்போது மெல்லிய விசில் கேட்டது எனக்கு.

"அக்கா, அந்தப் பழைய மாத்திரை…"

"அது வேற பேருடா. இதுல அந்தப் பேரே இல்ல. பாத்துட்டுதான் போட்டேன்."

இரண்டு வரியும் முழுசாக, எழுத்துக்கு எழுத்து, ஞாபகம் வந்தன.

6

"எந்திரிக்காத. பக்கத்துல யாரு இருக்கா?"

"யாருமில்ல. டைம்கீப்பர் வெளிய வண்டி அனுப்பிட்டிருக்காரு. நான் நடந்து போயி…"

"நடக்காத! மைக்கைப் போடு. போட்டுக் கூப்பிடு."

"அதுல சொந்த விஷயம் பேசக்கூடாதுடா."

"அக்கா!"

சொடுக்குச் சத்தம் கேட்டது. முதலில் கைப்பேசியில் அவள் குரல், பின்னாலேயே நிலையம் முழுவதும் அதன் எதிரொலி. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." பழக்கம். பிறகு இருமல். பிறகு இழுத்து இழுத்து ஒரு மூச்சு. "அறிவிப்பு அறைக்கு… யாராச்சும் வாங்க."

பத்தொன்பது வருடத்தில் அந்த மைக்கில் அவள் தனக்காகக் கேட்டது அது ஒன்றுதான்.

கதவு திறந்தது. கைப்பேசியை ஓர் ஆண் குரல் வாங்கியது. "யாருங்க, நான் டைம்கீப்பர். அம்மா முகமெல்லாம் வீங்கிக் கெடக்குது."

"அவங்க தம்பி. மருந்து ஒத்துக்கல. உங்க போன்ல ஆம்புலன்சைக் கூப்பிடுங்க, மருந்து ஒவ்வாமை, மூச்சு முட்டுதுன்னு அப்படியே சொல்லுங்க."

சொன்னார். "படுக்க வெக்கட்டுமா?"

"மூச்சு கஷ்டமா இருக்கறதால தரையில சாய்ச்சு உக்கார வைங்க, கால நீட்டி விடுங்க. மயக்கம் வர்ற மாதிரி இருந்தா படுக்க வெச்சு கால ஒசத்துங்க. நிக்க மட்டும் விடாதீங்க."

"என்கிட்ட அரிப்பு மாத்திரை இருக்குது. குடுக்கட்டுமா?"

"அது போதாது, முழுங்கவும் முடியாது. ஊசிதான். மாத்திரை அட்டையையும் தாளையும் அவங்களோடயே குடுத்தனுப்புங்க."

நான் பேசியது எல்லாம் தாளின் ஒன்பதாம் தலைப்பு. வெட்டாமல் விட்டது. ஆம்புலன்ஸ் வர ஒன்பது நிமிடம் ஆனது. அந்த ஒன்பது நிமிடமும் கைப்பேசியில் விசிலையே கேட்டுக்கொண்டிருந்தேன். அது நிற்கக் கூடாது என்றும் வேண்டினேன், நிற்க வேண்டும் என்றும் வேண்டினேன்.

7

முடிவுகள்.

(அ) ஆம்புலன்ஸ் போக்குவரத்தில் மாட்டிக்கொள்கிறது. நான்கு வரி எழுதினேன், அழித்துவிட்டேன். வெட்டியதில் நான் வருத்தப்படாத வரிகள் அவை மட்டும்தான்.

(ஆ) தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின் ஊசி. கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகிறது. சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை திரும்பவும் வரலாம் என்று மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அன்று சாயங்காலம் வரத்தான் செய்கிறது. பக்கத்திலேயே நர்ஸ் இருந்ததால் அடங்குகிறது. மறுநாள் அக்கா அதே நர்ஸிடம் சொல்கிறாள்: "அந்தத் தாள என் தம்பிதாம்மா எழுதினான். அவன் கேட்ட கேள்விதான் என்னைக் காப்பாத்துச்சு." நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் தலையாட்டுகிறேன்.

நடந்தது இது. தலையாட்டியது உட்பட.

மில்லிமீட்டரை மருத்துவமனை நடையிலிருந்தே கூப்பிட்டுவிட்டேன். "கடைக்குப் போன பெட்டியெல்லாம் நிறுத்தணும்."

"யாரு வெட்டினதுன்னு கேப்பாங்களே சார்."

"என்னைச் சொல்லுங்க."

நிறுத்தினார்கள், திருப்பி எடுத்தார்கள். விசாரணை நடக்கிறது. புதுத் தாள் இரண்டு விரல் நீளம் அதிகம். மடிப்பு மெஷின் ஒத்துக்கொண்டது. அலுவலகத்தில் சொல்ல எனக்கு நாக்கு கூசவில்லை. அக்காவிடம் முப்பத்திரண்டு நாளாகச் சொல்லவில்லை. அவள் பக்கத்து வீட்டுக்கெல்லாம் என் புகழ் பாடிக்கொண்டிருக்கிறாள்.

(இ)

8

(இ)-யை என்னால் எழுத முடியாது. வாசகரே, நீங்களும் முடித்துவிட முடியாது. உங்களால் ஆகிற வேலை வேறு ஒன்று உண்டு. எப்போதாவது ஒரு மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், அதன் பெயரையும் என்ன ஆனது என்பதையும் எழுதிப் பணப்பையில் வையுங்கள். அட்டையைப் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்புங்கள். புது மாத்திரை எழுதினால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், "இது அந்த மருந்துக்குச் சொந்தமா?" என்று கேளுங்கள். மாத்திரைகள் பெயரை மாற்றிக்கொண்டு வரும். தாளை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். தாளை என்னைப் போன்றவர்கள் எழுதுகிறோம்.

மற்றவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். இனி இது ஒரே ஒரு வாசகருக்கு.

அக்கா, நான் எழுதிய எதையும் நீ படிக்காமல் விட்டதில்லை. இதையும் மடியில் விரித்து, மாமா காதைப் பொத்திக்கொள்ள, சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பாய். அன்று நீ மேலும் கீழும் தேடிய வரிகள் இவை, அந்தப் பழைய பெயரை மட்டும் நீயே சேர்த்துக்கொள். ஒரு எழுத்துப்பிழை கூட இல்லை.

"உடலுக்குள் இந்த மருந்து எந்தப் பழைய மருந்தாக மாறுகிறதோ, அது உங்களுக்கு முன்பு ஒவ்வாமல் இருந்திருந்தால், பெயர் வேறாக இருந்தாலும், இதைச் சாப்பிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்."

வெட்டியது நான்தான்.

அடுத்த வரி உன்னுடையது. எவ்வளவு நீளமாக இருந்தாலும், என்ன வார்த்தை வந்தாலும், வெட்ட மாட்டேன்.