தரைக்கு மேலே ஒரு சாண்

அனிசெட்டோ வெங்காயம் போட வைத்திருந்த ஒன்றரை ஏக்கர் தோட்டம், ஆகஸ்டு மாதம் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தரையை விட்டு எழும்பித் தெற்கே போனது. அந்த வாரம் புனாட்டா சந்தையில் வெங்காயம் மூட்டை எண்பது பொலிவியானோவுக்கு விற்றது. தோட்டத்தோடு அனிசெட்டோவும் போனான். அவன் டிராக்டரும், அதன் பின்னால் மாட்டியிருந்த, மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரும், குறுக்கே ஓடிக்கொண்டிருந்த செவலை நாயும் கூடவே போயின. அவன் ஏழு தடவை உழுதிருந்தான். மண் மாவாகியிருந்தது, ஆகஸ்டுக் காற்று வந்தது, அவ்வளவுதான். பொலிவியாவின் யூராக்பம்பா கிராமத்தில் இதில் ஆச்சரியப்பட ஏதும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. மிஞ்சிய குழி சிமென்டு போட்டது போல இறுகிவிட்டதால் அதில் பந்து விளையாடுகிறார்கள்.

கசில்டா அனிசெட்டோவின் தங்கை. அண்ணனுக்கு அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும் கொண்டுபோனவள், ஒரு கால் வரப்பிலும் மறுகால் தோட்டத்திலுமாக நின்றபோதுதான் அது கிளம்பியது. செருப்பு போயிற்று, கால் தப்பியது. அன்று பிடித்த பயம் அவளை விடவே இல்லை. தன் அடுக்குப் பாவாடையின் மடிப்புகளில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஆற்றுக்கற்களை வைத்துத் தைத்துக்கொண்டாள். நடந்தால் கடகடவென்று கேட்கும். "கசில்டாக்கா ஏறியாச்சா? அப்ப டயருக்குக் காத்து பிடிச்சிட்டுப் போவோம்" என்று பஸ் டிரைவர் கேலி செய்வான். அவள் சிரிக்க மாட்டாள். துணி உலர்த்தும்போதுகூட ஒரு கையால் கொடிக்கம்பத்தைப் பிடித்திருப்பாள்.

அவள் புருஷன் நிக்கனோர் அப்போது அர்ஜென்டினாவில், யார் யாருடைய காய்கறித் தோட்டங்களிலோ உழுதுகொண்டிருந்தான். போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. போனில் சொன்னபோது சிரித்தான்.

"உங்கண்ணன் எவ கூடவோ ஓடிப்போயிருப்பான்டி."

"நெலத்தையும் சுருட்டிக்கிட்டா ஓடுவான்?" என்று அவள் கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது.

மேலும் மூன்று வருஷம் கழித்து நிக்கனோர் ஒரு பழைய டிராக்டரோடும் நரைத்த மீசையோடும் ஊர் வந்து சேர்ந்தான். புல் மண்டிக் கிடந்த மூன்று ஏக்கரை வாங்கினான். கோசு, கேரட், வெங்காயம் என்று பெரிய தோட்டமாகப் போடுவது திட்டம். நாற்று விட்டு, அது நடுகிற பதத்துக்கும் வந்துவிட்டது. வாய்க்கால் தண்ணீரில் அவர்கள் முறை வெள்ளிக்கிழமை. அதைத் தவறவிட்டால் அடுத்த முறை இருபது நாள் கழித்துத்தான், அதற்குள் நாற்று கருகிவிடும். கையில் இருந்த காசுக்கு டிராக்டரில் மாட்ட ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும். செவ்வாய்க்கிழமை இருவரும் புனாட்டா போனார்கள்.

கடைக்காரர் தோன் ஃபௌஸ்டினோ கருவிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். "புல்லு கட்டுன நெலம்னா மொதல்ல சட்டிக் கலப்பை போட்டுப் பொரட்டணும். அப்புறம் ஒன்பது கொத்துக் கலப்பை போட்டுக் கட்டி ஒடைக்கணும். கடைசியா பாத்திக்குப் பார் போடுற கலப்பை. மூணும் வாங்க முடியாதா? அப்ப ரோட்டவேட்டர எடுத்துட்டுப் போங்க. ஒண்ணே எல்லாத்தையும் பாத்துக்கும். மண்ணு பவுடரா விழும்."

பவுடர் என்ற சொல்லைக் கேட்டதும் கசில்டா ரோட்டவேட்டரை விட்டு விலகினாள். சட்டிக் கலப்பையிடம் போய் அதன் மூன்று சட்டிகளையும் தட்டிப் பார்த்தாள். நல்ல கனம். அந்தக் கனம் அவளுக்குத் தெம்பாக இருந்தது.

"இது போதும். கட்டி கட்டியா கெடந்தா நான் கைக்கொத்து வச்சு ஒடைச்சிக்கிறேன்."

"மூணு ஏக்கரையுமா? நாத்துக்குப் பேரன் பொறந்திரும்" என்றான் நிக்கனோர்.

"ரோட்டவேட்டர் கத்தி புல்லு வேர வெட்டுனா, ஒண்ணு நூறா மொளைக்கும். தெரியுமா?"

"பயத்துக்கு விவசாயக் காரணம் சொல்லாத, கசி."

"ஆமா, பயந்தான்! பதினோரு வருசம் கழிச்சு வந்திருக்க. வந்து நாலு மாசம் ஆகல. மறுபடி நீ போயிட்டா நான் எந்தப் பக்கம் பாத்துட்டு ஒக்காந்திருக்கறது? வானத்தையா?"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிக்கனோர், ஒரே ஒரு தடவைதான் ஓட்டுவேன் என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்துவிட்டு, ரோட்டவேட்டரையே வாங்கினான். கசில்டா கடைக்காரரிடம் வாரன்ட்டி பற்றிக் கேட்டாள்.

"கியர் பாக்ஸுக்கு ஒரு வருசம் உண்டு, தோன்யா கசில்டா. பறந்துட்டா பொறுப்பில்ல" என்றார் அவர், சிரிக்காமல். பில்லிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

யூராக்பம்பாவில் புது இரும்பு மண்ணில் இறங்குவதற்கு முன் மண்ணுக்குக் குடிக்கக் கொடுத்தாக வேண்டும். நாலு மூலைக்கும் ஒவ்வொரு கிண்ணம் மக்காச்சோளக் கள், இரும்புக்குக் கலர்க் காகித மாலை, அது போதும். ஆனால் கசில்டா யோசித்தாள். நன்றாகக் குடித்துவிட்டுச் சாய்ந்த ஆளை நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. தன் அப்பா விஷயத்தில் அவள் கண்ணால் கண்ட உண்மை அது. எனவே புதன்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு குடம் கள்ளை மூன்று ஏக்கரிலும் மூலை விடாமல் ஊற்றினாள். மண் கடைசிச் சொட்டு வரை குடித்து ஏப்பம் விட்டது. அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. குடித்தவன் சாய்வதற்கு முன்னால் ஆடுவான் என்பதை அவள் மறந்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை நிக்கனோர் ஓட்டத் தொடங்கினான். கசில்டா வரப்பில் இருந்த மொல்யே மரத்தடியில் நின்றாள். முதல் ஓட்டில் புல்வேரோடு கட்டி கட்டியாகத்தான் விழுந்தது. அவன் இறங்கி ஒரு கட்டியை மிதித்துப் பார்த்தான், நாற்றைப் பார்த்தான், வாய்க்காலைப் பார்த்தான்.

"இன்னும் ஒரே தடவை, கசி. இதுல நாத்து பிடிக்காது."

"சத்தியம் பண்ணுனியே!"

"நாத்துக்குத் தெரியுமா என் சத்தியம்?"

இரண்டு மூன்றாயிற்று. நாலாவது ஓட்டில் டிராக்டர் சக்கரம் மண்ணில் தடம் பதிக்கவில்லை. தோட்டம் முழுக்க ஒரு குலுங்கல் ஓடியது. கள் வாசனை குப்பென்று வந்தது. மண் உற்சாகமாக இருந்தது. ஐந்தாவது ஓட்டு பாதியில் இருக்கும்போது கிழக்கு ஓரம் நாலு விரல்கடை எழும்பியது. அடியில் வெளிச்சம் தெரிந்தது, மண்புழுக்கள் தொங்கின. கசில்டா தொண்டை கிழியக் கத்தினாள். எஞ்சின் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவள் இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப் பிடித்தாள். அண்ணனின் தோட்டம் கிளம்பியபோதும் முதலில் நாலு விரல்கடைதான். மேலே போவதை நினைத்தால் உயிரே போய்விடும் போல இருந்தது. கீழே தனியாக நிற்பதை நினைத்தால் அதைவிட மோசமாக இருந்தது. பயந்தவள்தான், ஆனால் எந்தப் பயம் பெரியது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. மரத்தை விட்டுவிட்டு, ஆறு கல்லும் கடகடக்க ஓடிவந்து தோட்டத்தின் மேல் குதித்தாள்.

தோட்டம் முனகியது. அதற்குள் ஒரு முழம் எழும்பியிருந்தது இறங்கி இறங்கி, தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. இன்றும் அங்கேதான் நிற்கிறது.

கல்லைக் கொட்டிப் பார்த்தார்கள். கல்லெல்லாம் அந்த மாவு மண்ணில் இறங்கி அடிப்பக்கமாக உதிர்ந்துவிட்டது. ஆள் நின்றால்தான் அடங்கியது, அதுவும் கசில்டா நின்றால்தான் சரியாக அடங்கியது. அதனால் அவள் அங்கேயே ஒரு தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்தாள். வெள்ளிக்கிழமைத் தண்ணீரை வாய்க்காலிலிருந்து வாளியில் ஏற்றி ஊற்றினார்கள். நகராட்சி ஆள் வந்து கம்பியால் இடைவெளியை அளந்து, வடிகால் வசதி நன்று என்று எழுதிக்கொண்டு போனார். கேரட் மட்டும் ஒரு சாணுக்கு மேல் நீண்டால் நுனி அடியில் எட்டிப் பார்க்கும், அதை முயல் கடித்துவிடும்.

ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை கசில்டா சந்தைக்குப் போனாள். தன் இடத்தில் அனிசெட்டோவின் மனைவி பாசிலியாவை நிறுத்தி, ஆறு கல்லையும் அவிழ்த்து அவள் மடியில் கட்டிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது தோட்டம் இடுப்புயரத்தில் இருந்தது. பாசிலியா கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தாள், அரிசியில் கல் பொறுக்குகிறவளின் நிதானத்தோடு. கசில்டா பதறி ஏறிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க?"

"ஒம் புருசன் பக்கத்துல இருக்கான். எம் புருசன் மேல இருக்கான்" என்றாள் பாசிலியா. "எனக்கு எதுக்குடி கல்லு?"

அதற்குப் பிறகு சந்தைக்கு நிக்கனோர்தான் போகிறான். ரோட்டவேட்டரைக் கொடுத்துவிட்டு அதே கடையில் சட்டிக் கலப்பை வாங்கிவந்தான். அந்த மண்ணில் அதற்கு வேலை இல்லை. கொட்டகை வாசலில், கசில்டா உட்கார்ந்து வெங்காயம் கட்ட வசதியாகப் போட்டு வைத்திருக்கிறான்.

வருஷா வருஷம் ஆகஸ்டு பதினெட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு அனிசெட்டோவின் தோட்டம் அவர்களுக்கு மேலே கடந்து போகிறது. ஒன்றரை ஏக்கர் நிழல் விழும், நாய் குரைக்கும், கொஞ்சம் மண் உதிரும். பாசிலியா வரப்பில் வந்து நின்று கை அசைப்பாள். மேலிருந்து அனிசெட்டோ வெங்காயம் என்ன விலை என்று கேட்பான், நிக்கனோர் அண்ணாந்து சொல்வான். நிழல் தாண்டிப் போகும்வரை கசில்டா கண்ணை மூடிக்கொண்டு அவன் பெல்ட்டைப் பிடித்திருப்பாள். போன வருஷம் மூட்டை நூற்றுப் பத்து.