சம்பந்தி வீட்டுச் சட்டிகள்

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் மொட்டைமாடியில் சாந்தகுமாரின் தக்காளிக் கன்றுகள் மூன்றாவது முறையும் வாடி விழுந்தன. அவர் நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் வரைபடம் கீறி ஓய்வு பெற்றவர். காலையில் நிமிர்ந்து நின்ற செடி பின்னேரம் பச்சை மாறாமலே தலையைத் தொங்கப்போட்டதை ஓர் அவமரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் மாடியில் இருக்கும் பைறோஸா விஞ்ஞானம் படிப்பித்தவர். துணி காயப்போட வந்த இடத்தில் அதைப் பார்த்தார். ஒரு தண்டை வெட்டி, கிளாஸ் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். சிறிது நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் நூல் மாதிரி ஏதோ இறங்கியது.

"பக்டீரியா," என்றார். "முதல்ல செத்த செடி இருந்த சட்டியக் கழுவினீங்களா?"

"இல்லை டீச்சர். அதே சட்டி, அதே மண்."

"அப்ப அதே நோய்தானே."

மண்ணைக் கட்டிக் குப்பையில் போட வேண்டும். சட்டியைச் சவர்க்காரத்தால் தேய்த்து, துணி வெளுக்கும் குளோரின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அரை மணித்தியாலம் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயவிட வேண்டும். சாந்தகுமார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பேனையை மூடவில்லை.

"மண்ணோட வேற ஆக்களுக்குக் குடுத்த சட்டி எண்டால்?"

"யாருக்குக் குடுத்தீங்க?"

"கொட்டாஞ்சேனைக்கு. சம்பந்தி வீட்டுக்கு. ஆறு."

டீச்சர் துணிக் கூடையைக் கீழே வைத்தார். "இண்டைக்கே போங்க," என்றார்.

வாளி, தேய்க்கும் பிரஷ், குளோரின் போத்தலோடு அவர் இரண்டு பஸ் ஏறிப் போனார். கதவைத் திறந்த மருமகனின் தாய் பாலேஸ்வரி, முதலில் வாளியைத்தான் பார்த்தார்.

"என்ன அண்ணை, எங்கட வீடு ஊத்தையாக் கிடக்கெண்டு ஆரும் சொன்னவையோ?"

"வீடில்லை. நான் தந்த சட்டி."

பின்முற்றத்தில் ஆறு சட்டிகளில் நாலில் செடி வாடிக் கிடந்தது. சாந்தகுமார் விஷயத்தைச் சொன்னார். குசினி வாசலில் அவருடைய மகள் சாம்பவி வந்து நின்றாள். "அப்ப நான் தண்ணி ஊத்தினதாலை இல்லையே?" என்றாள். இரண்டு கிழமையாக அந்த வீட்டில் குற்றவாளி அவள்தான் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. காலையில் தண்ணீர் கூட, பின்னேரம் தண்ணீர் குறைய என்று இரண்டு பக்கத்தாலும் பேச்சு வாங்கியிருக்கிறாள்.

"பிள்ளையில பிழையில்லை," என்றார். "நோயைச் சட்டியோட அனுப்பினது நான்."

"தரேக்கையே சொல்லியிருக்கலாமே," என்றார் சம்பந்தி.

"அப்ப எனக்குத் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது," என்றார் பாலேஸ்வரி. அதை மருமகளைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய், குளோரின் அளக்க ஒரு சுண்டு எடுத்து வந்தார்.

"மாமி, அது அரிசிச் சுண்டு."

"பரவாயில்லை. வேறை வாங்குவம்."

மண்ணைச் செடிகளோடு கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, மூன்று பேரும் குந்தியிருந்து தேய்த்தார்கள். சாந்தகுமாரின் நீலச் சட்டையில் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. ஒரு சட்டி வெடித்திருந்தது, அதை எறிந்தார்கள். ஐந்து ஊறி, அலசுப்பட்டு, வெயிலில் கவிழ்ந்தன.

பஸ் தரிப்பிடம் வரை சாம்பவி கூட வந்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"செடி வாடினதுக்கெல்லாம் போன் எடுக்கிறதே, அப்பா?"

அவர் வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். பஸ் வந்துவிட்டது.

"போன் எடு," என்று சொல்லிவிட்டு ஏறினார்.