மோட்டார்காரன் வாங்கிய பால் பம்ப்

வீட்டில் பம்ப் என்ற பேச்சு எழுந்ததும் அவளுடைய கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. எந்த மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மோட்டார் போடும் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவனிடம் போய், "தாய்ப்பால் எடுக்க ஒரு பம்ப் வேணும், எதுன்னு நான் பார்த்துச் சொல்றேன்" என்று மனைவி சொன்னால் சும்மா இருப்பானா?

"பம்ப் விஷயத்துல நீ எனக்குச் சொல்றியா?" என்றான்.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரசவ லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பாவிட்டால், அவள் இடத்துக்கு வந்திருக்கும் ஆளையே நிரந்தரமாக்கிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த ஆளோ கிளட்சை விடத் தடுமாறும் பெண்களை வாய்க்கு வந்தபடி திட்டி அழவைத்துக்கொண்டிருந்தான். அவளுடைய மாணவிகள் தினமும் போனில் புலம்பினார்கள். அதற்காகப் பாப்பாவுக்குப் பாலை நிறுத்திவிடவும் மனம் வரவில்லை. அவளுக்கு வேலையும் வேண்டும், பாலும் வேண்டும். இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் சாமான் காப்பாற்றியாக வேண்டும்.

அதனால் பாப்பா தூங்கும்போதெல்லாம் போனில் ஒவ்வொரு பம்பைப் பற்றியும் வாங்கியவர்கள் எழுதியதைப் படித்தாள். ஒரே பம்பை ஒருத்தி தெய்வம் என்றிருந்தாள், இன்னொருத்தி மாட்டுப் பண்ணைக்குக் கொடுத்துவிடுங்கள் என்றிருந்தாள். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. அவள் முடிவெடுப்பதற்குள் சனிக்கிழமை சாயங்காலம் கணவன் பெரிய பெட்டியோடு வந்து நின்றான்.

"கடையிலேயே இதுக்குத்தான் இழுவை அதிகம்!"

"எத்தனை மாடிக்கு ஏத்தப் போறீங்க?" என்றாள்.

அவன் அதைக் காதில் வாங்காமல் சோதித்துப் பார்க்கச் சமையலறைக்குப் போனான். கொர்ரென்று ஒரு சத்தம் கேட்டது, பிறகு மூச்சே இல்லை. கொஞ்ச நேரத்தில் சட்டை நனைந்து வெளியே வந்தான்.

"என்ன பண்ணீங்க?"

"பிரைமிங்தான் பண்ணேன்."

தண்ணீர் மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றுவார்கள், அதற்குப் பெயர்தான் பிரைமிங். கைப்பழக்கத்தில் மனுஷன் பால் பம்பின் குழாய் வழியாக ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிவிட்டான். தண்ணீரே படக்கூடாத அந்தக் குட்டி மோட்டார் அதைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டது.

"போய் மாத்திட்டு வாங்க."

"மாத்த மாட்டாங்க. ஸ்க்ரூவை வேற கழட்டிட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. இனி ஒரே ஒரு நாள்தான் இருந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனாருக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தாள்.

"அண்ணனை விடுங்க அண்ணி, அது திருந்தாது. ஸ்கூல்ல எந்த ரூம்ல உட்காந்து பால் எடுப்பீங்க? அங்க பிளக் பாயின்ட் இருக்கா?"

அவள் யோசித்தாள். பழைய டயரும் உடைந்த போர்டுகளும் கிடக்கும் ஸ்டோர் ரூமைத்தான் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு பல்பு உண்டு, பிளக் கிடையாது. அத்தனை படித்தும் இது தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் கையால் அமுக்கும் சின்னப் பம்ப் ஒன்றோடு வந்தாள். கொதிநீரில் போட்டெடுத்து, அளவுக்குப் பொருந்தும் கப்பை மாட்டி அண்ணி கையில் கொடுத்தாள். அவளும் அமுக்கினாள், அமுக்கினாள், ஒரு சொட்டு வரவில்லை. கணவன் கதவருகே கவலையோடு நின்றான்.

"பிரஷரே வரலியே..."

"வெளியே போங்க!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவன் கூடத்தில் போய் உட்கார்ந்தான். செத்துப்போன பம்பைப் பாகம் பாகமாகப் பேப்பரில் பரப்பி, வாயால் ஊதி ஊதிக் காயவைத்தான். கதவிடுக்கில் அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தாள். பாலும் கூடவே வந்தது. பாட்டிலில் அது ஏறுவதைப் பார்க்கப் பார்க்க, வேலை போகாது, பாலும் நிற்காது என்று அவளுக்கு உயிர் வந்தது.

திங்கள் முதல் பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போவது கணவன். பாட்டிலையும் அவனே கொடுத்துப் பார்க்கட்டும் என்றாள் நாத்தனார். "நீங்க கண்ணுல படாதீங்க அண்ணி, பட்டா அவ பாட்டிலைத் தொடமாட்டா."

அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். பாப்பா எப்படியும் வீறிடுவாள், தன்னைத்தான் தேடுவாள், ஓடிப்போய்த் தூக்க வேண்டியதுதான் என்று தயாராக இருந்தாள். பாப்பா முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தாள். அவன் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். பாட்டில் காலியானது.

"பார்த்தியா, எம் பொண்ணு!" என்று திரும்பியவன், கதவுக்குப் பின்னாலிருந்து வந்த மனைவியின் கன்னத்தில் கண்ணீரைக் கண்டு பதறிப்போனான்.

"என்னம்மா, வலிக்குதா? வேற பம்ப் வாங்கிட்டு வரட்டுமா?"

"பம்ப் நல்லாத்தான் இருக்கு" என்று அவள் கையை நீட்டினாள். "பாப்பாவை இப்படிக் குடுங்க."

"அதான் வயிறு முட்டக் குடிச்சிட்டாளே?"

"பரவாயில்ல, குடுங்க."