நான் போட்ட ரோடு

அந்த ரோட்டைப் போட்டது நான்தான். மண்ணில் இல்லை, கம்ப்யூட்டரில்.

புறநகர் பேர்லேண்டிலிருந்து தினமும் ஹூஸ்டன் போய், மேற்கு டெக்சாஸ் பாலைவனத்து மாட்டுப்பண்ணை நிலங்களின் பழைய வரைபடத் தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. ஒரு தாளில் முடிகிற கோடு அடுத்த தாளில் அதே இடத்தில் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் சிவப்புப் புள்ளி மினுக்கி உயிரை வாங்கும்.

தொண்ணூற்றாறில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு மண்பாதை அடுத்த தாளில் ஓர் அங்குலம் தள்ளித் தொடங்கியது. நடுவில் சமஉயரக் கோடுகள் நெருக்கியடித்து நின்றன. அப்படி நின்றால் செங்குத்துப் பள்ளம் என்று எனக்குத் தெரியாதா? ஆறு மணிக்குள் மகள் ஓவியாவை டேகேரிலிருந்து கூட்டி வர வேண்டும். இரண்டு முனைகளையும் ஒரே நேர்கோட்டால் சேர்த்துவிட்டுக் கிளம்பினேன். எந்த மாடு வந்து புகார் சொல்லப்போகிறது என்று நினைத்தேன், திமிர்.

நேற்று மத்தியானம் என் வீட்டுக்காரர் அந்தப் பாலைவனத்திலிருந்து போனில் பேசினார். பைப்லைன் இன்ஜினியர்.

"புஷ்பா, உன்ற மேப்புதான் கையில இருக்குது. சுத்திப் போனா ரெண்டு மணி நேரம். நீ போட்ட மண்ணு ரோட்டுல கட் பண்ணிப் போயிடறேன்."

"ஏனுங்க, எந்த ரோடுங்க?" என்பதற்குள் வைத்துவிட்டார். எப்போதும் அவசரம்தான். பூத்திலிருந்து பேசியவரை நான் எங்கே போய்த் திரும்பக் கூப்பிடுவது?

இரவு தங்க வேண்டிய மோட்டலுக்கு அவர் போய்ச் சேரவில்லை. அந்த ஊர் போலீசுக்கு, ஷெரிஃப் ஆபீசுக்கு, இரவே சொன்னேன். கையில் இரண்டு பாட்டில் தண்ணீர் இருந்தால் அதிகம்.

இன்று காலை மறுபடி ஷெரிஃப் ஆபீசைக் கூப்பிட்டு, அந்த ரோடே கிடையாது, நான்தான் வரைந்தேன் என்று சொன்னேன். போனில் இருந்த பெண் நல்லவள். கவலைப்படாதீர்கள், தேடப் போனவர்களிடம் மேப் இருக்கிறது, உங்கள் கம்பெனியே விடிந்ததும் ஃபேக்ஸ் அனுப்பியது என்றாள்.

"அதே மேப்பா?"

அதேதான். தேடப் போனவர்களைத் திரும்பி வரச் சொல்லுங்கள் என்று கத்தினேன். மலைக்குள் ரேடியோ எடுக்காது, வெளியே வந்ததும் சொல்கிறோம் என்றாள்.

சாப்பாட்டு மேஜையில் அந்த மேப்பை விரித்து வைத்துக்கொண்டு அழுகிறேன். வேறு என்ன செய்ய? ஓவியா பக்கத்து நாற்காலியில் ஏறி நின்று, வளைந்து வளைந்து போகும் கோடுகளுக்கு நடுவே விரலை வைத்தாள்.

"அம்மா, திஸ் ஒன் இஸ் சோ ஸ்ட்ரெய்ட். ஹூ ட்ரூ இட்?"

"நாந்தான் கண்ணு," என்றேன்.