நிஷாந்தினியின் இரத்த வகை

1
என் கணினி பழுதானதால் கிடைத்த கதை இது. அதைத் திருத்தித் தந்த றஷீனா பதுளையில் மென்பொருள் எழுதுபவர். 2006இல் தனக்கு நடந்ததைச் சொன்னார். நான் இப்படித் தொடங்கினேன்: 'பசறை மலைகளைப் பனி மூடியிருந்த அந்தக் காலையில்...'

(விடுங்கள். அன்று நல்ல வெயிலாம்.)

2
தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் நடமாடும் மருத்துவ முகாமுக்கு றஷீனா ஓர் இணையப் பதிவுமுறை எழுதியிருந்தார். தொடக்க விழா. பூமாலை, கமரா. முதல் ஆளாக நிஷாந்தினி வந்தார். கொழுந்து பறிப்பவர், நிறைமாதம்.

"இரத்த வகை?" தாதி கேட்டார்.

"தெரியாதுங்க. யாரும் பாத்ததில்ல."

தாதி அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுப் பதிந்தார். திரையில் வந்தது: ஏ பொசிட்டிவ். எல்லோரும் கைதட்டினார்கள்.

(இடையில் ஒரு விளக்கம். எதுவும் எழுதாத இடத்தை மென்பொருள்காரர்கள் ஆங்கிலத்தில் 'நல்' என்பார்கள். தமிழில் எவ்வளவு நல்ல சொல்! றஷீனா பயன்படுத்திய வெப் ஃபிரேம்வேர்க், அதாவது இணையத்தளம் கட்ட உதவும் ஆயத்த மென்பொருள், எழுத்தை எண்ணாக மாற்றும்போது நல்லைக் கண்டால் சத்தமில்லாமல் பூச்சியமாக்கிவிடும். இரத்த வகைகளுக்கு அவர் கொடுத்திருந்த எண்களில் பூச்சியம்தான் ஏ பொசிட்டிவ்.)

3
றஷீனாவை நான் முதலில் நம்பவில்லை. கைதட்டலுக்கு நடுவில், யாரும் கவனிக்காத பிழையைத் தன் வாயாலேயே சொல்வாரா ஒருவர்? என் வரைவில் அவர் தன் வீட்டுக்குப் போய் ரகசியமாகத் திருத்தினார். நடந்ததோ வேறு.

"டொக்டர், நிப்பாட்டுங்க. இது பொய் சொல்லுது."

றஷீனாவின் முதலாளி பல்லைக் கடித்தார். "நாளைக்குத் திருத்தலாமே!"

"இன்டைக்கே இவங்களுக்கு வலி வந்தா? யாராவது இத நம்பிட்டா?"

முகாமின் பொறுப்பாளர் டொக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா, யாழ்ப்பாணத்துக்காரர், திரையையும் றஷீனாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி பிள்ளை. விழா நிக்கட்டும். நீங்கள் திருத்துங்கோ."

அத்தனை பேர் பார்த்திருக்க றஷீனா உட்கார்ந்து எழுதினார்: நல் வந்தால் நல்லாகவே திரும்பட்டும், திரை 'தெரியாது' என்று சொல்லட்டும்.

பிறகு பதிந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் 'தெரியாது'. முதலாளிக்கு முகம் விழுந்துவிட்டது. டொக்டரோ, "இப்பதான் எங்கட வேலை எவ்வளவு எண்டு தெரியுது" என்று சொல்லி, பதுளை மருத்துவமனைக்குப் போன் போட்டு, இரத்தம் சோதிக்க அன்றே ஆட்களை வரவழைத்தார்.

4
நிஷாந்தினியின் இரத்தம் கிடைப்பதற்கு அரிய வகை என்று எழுதினால் கதை தூக்கலாக நிற்கும். எழுதி, றஷீனாவுக்கு வாசித்தும் காட்டினேன்.

"என்ன வகைன்டு எனக்குத் தெரியா," என்றார். "உங்களுக்கும் தெரியா. பிறகு எப்படி எழுதினீங்க?"

அந்த வரியை அடித்துவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் ஒரு வகையைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒருமுறை நிஷாந்தினியைப் பாருங்கள்: இடது கையை இடுப்பில் ஊன்றி, வலது கை விரலைத் தாதியிடம் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.