சாமுவேல்ராஜ் தோற்ற மழை

சாமுவேல்ராஜ் பந்தயத்தில் தோற்றால், ஜெயித்தவருடைய இடத்தில் மட்டும் மழை பெய்யும். கீழப்புளியங்கரையில் இது 2021 ஐப்பசியிலிருந்து எல்லோருக்கும் தெரியும். மிளகாய்வத்தல் விலை தெரியாதவர்கூட உண்டு, இது தெரியாதவர் கிடையாது. விளாத்திகுளத்திலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் வந்தால் எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி என்று பேச்சுக்குச் சொல்வார்கள். நாங்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாலு வருடம் சாமுவேல்ராஜைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவருக்கு அஞ்சு ஏக்கர் கரிசல்காடு உண்டு, புதியம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பாவாடை தைத்துக் கொடுக்கும் எஸ்தர்ராணி என்ற மனைவி உண்டு, தூத்துக்குடியில் நர்சிங் படிக்கும் சுஜா என்ற மகள் உண்டு. இவ்வளவு இருந்தும் பொழுது போகாமல் போனில் கிரிக்கெட் பந்தயம் கட்டினார். முதல் நாளே ஜெயித்தார். அன்றைக்கு மட்டும் தோற்றிருந்தால் எங்கள் ஊர்ச் சரித்திரமே வேறு. ஜெயித்த கையோடு திருப்பதியின் டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்; அதற்கப்புறம் அந்த ஒரு நாளைத் தேடியே மனுஷன் அலைந்தார். தோற்றால் அடுத்த தடவை இரண்டு மடங்கு கட்டுவார். கேட்டால், விட்டதைப் பிடிக்க வேண்டாமா என்பார். கொஞ்ச நாளில் போன் மட்டும் போதவில்லை. காலை பஸ் எத்தனை மணிக்கு வரும், சர்ச்சில் ஐயர் பிரசங்கத்தை எப்போது முடிப்பார், படுத்துக்கிடக்கும் இரண்டு ஆடுகளில் எது முதலில் எழுந்திருக்கும் என்று எல்லாவற்றுக்கும் பந்தயம். சுஜா காலேஜில் விளக்கேற்றி உறுதிமொழி எடுத்த விழாவுக்குப் போகாமல், ஆடு எழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தது வேறு ஆடு.

அந்த ஐப்பசியில், விதைப்பு தள்ளிக்கொண்டே போன நேரத்தில், பக்கத்துக் காட்டுக்காரர் பெனோவிடம் இந்த வாரம் மழை கிடையாது என்று வீட்டு வெண்கலப் பானையை வைத்துப் பந்தயம் கட்டினார். கரிசல்காட்டில் மழை பெய்யாது என்று கட்டுவதைப்போல உறுதியான பந்தயம் உலகத்திலேயே கிடையாது என்பது அவர் எண்ணம். தன் காட்டுக்கும் சேர்த்துத்தான் மழையில்லை என்று கட்டுகிறோமே என்பது அவருக்குத் தோன்றவில்லை. பந்தயம் கட்டுகிறவனுக்குக் காடா கண்ணில் தெரியும்? டீ ஆறுவதற்குள் வைப்பாற்றுப் பக்கமிருந்து ஒற்றை மேகம் வந்தது. பெனோவின் நாலு ஏக்கருக்கு நேர் மேலே நின்று ஒரு மணி நேரம் பெய்துவிட்டுப் போனது. இரண்டு காட்டுக்கும் நடுவிலிருந்த வரப்பில் அந்தப் பக்கச் சரிவு சேறாகவும் இந்தப் பக்கச் சரிவு புழுதியாகவும் இருந்தது. பெனோ விதைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சாமுவேல்ராஜ் புழுதியில் நின்றபடி, அடுத்த வாரம் பானையைத் திருப்பிவிடலாம் என்றார்.

இரண்டு மூன்று தடவை இப்படி நடந்ததும் ஊருக்குப் பிடிபட்டுவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் படிப்பில் எப்படியோ, ஆதாயத்தில் சுறுசுறுப்பு. டீக்கடையில் வரிசை நின்றது. சேவல் வைத்தால் தூற்றல், ஆடு வைத்தால் விதைப்புக்குப் போதுமான மழை, அவருடைய மொபெட்டை வைத்த அன்று மாரிராஜ் காட்டுக் கிணறு நிரம்பி வழிந்தது. சாமுவேல்ராஜ் சோர்ந்து உட்கார்ந்தால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். மனம் விட்டுவிடக் கூடாது, ஒரு நாள் ஜெயிப்பீர்கள் என்று தேற்றினோம். அவர் ஜெயித்துத் தொலைத்துவிடக் கூடாதே என்று வேதக்கோயிலில் முழங்கால் போட்டவர்களும் உண்டு. கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சண்முகராஜ் அண்ணாச்சி காரில் வந்து இறங்கினார். குச்சி காய அவருக்கு வெயில் வேண்டும். பந்தயமே மழையைப் பற்றி என்றால் சாமுவேல்ராஜ் சொன்னதற்கு எதிராகத்தான் வானம் நடக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். அதனால் தன் களத்தில் மழை பெய்யும் என்று சாமுவேல்ராஜைக் கட்டவைத்து, பெய்யாது என்று தான் கட்டி ஜெயித்துக்கொண்டு போனார். அந்தக் கார்த்திகையில் கோவில்பட்டியில் முட்டளவு தண்ணீர்; அவர் களத்தில் குச்சி மொறுமொறுவென்று காய்ந்தது. போனில் தோற்றதற்கெல்லாம் எந்த ஊரில் மழை பெய்தது என்பது இன்றுவரை தெரியவில்லை. எங்கோ பெரிய பெரிய வீடுகளின் மேல் பெய்திருக்கும்.

அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் ஊரில் விளைச்சலில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அதை ஏலம் விடுவார்கள். அந்த வருடம் குவிந்தது போல் எந்த வருடமும் குவிந்ததில்லை. பெனோ தன் உளுந்தை அந்த வெண்கலப் பானை நிறையக் கொண்டுவந்து, பானையோடு காணிக்கையாக வைத்தார். எஸ்தர்ராணியின் அம்மா வீட்டில் கொடுத்த பானை அது. அடியில் அவள் பெயர் வெட்டியிருந்தது. அவள் தையல் கூலியைப் போட்டு ஏலத்தில் எடுத்தாள். அடுத்த வருடப் பண்டிகையிலும் அதே பானை வந்தது, அதைப் பந்தயத்தில் ஜெயித்த வேறொருவர் கம்பை நிரப்பிக் கொண்டுவந்தார். அவள் மறுபடியும் எடுத்தாள். மூன்றாம் வருடம் பானை வந்தபோது, அவள் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள்; பெனோ எடுத்துக்கொண்டு போனார். தேவன் தமக்குச் சித்தமான பாத்திரங்களைப் பயன்படுத்துகிறார் என்று ஐயர் பிரசங்கித்தார். பானையைச் சொன்னாரா சாமுவேல்ராஜைச் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை.

எஸ்தர்ராணி ஊர்க் கமிட்டியிடம் போனாள். தன் வீட்டுக்காரரோடு யாரும் பந்தயம் கட்டக் கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள். கமிட்டிச் செயலாளர் ரெஜின் மிகவும் வருத்தப்பட்டார். விதைப்பு முடியட்டும் என்றார். விதைப்பு முடிந்தது, களையெடுப்பு முடியட்டும் என்றார். பிறகு பூப்பிடிக்கும் நேரம், பிறகு காய்ப்பு. பங்குனியில் வத்தல் பறித்து முடிந்ததும் போய்க் கேட்டாள்.

“அவியளா விரும்பித்தான கட்டுதாவ, நாம எப்படித் தடுக்க?” என்றார் ரெஜின். அவள் கிளம்பும்போது, உங்கள் தையல் மிஷின் மோட்டார் வைத்ததா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தார். ரெஜினுக்கு எட்டு ஏக்கர் மிளகாய்.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து, குடியையும் சூதையும் விடவைக்கும் ஜெயஷீலா என்ற ஆலோசகர் வந்தது இதற்குப் பிறகுதான். டீக்கடைக்கு எதிரில் நாற்காலி போட்டு, ஒரு தாளிலிருந்து பத்துக் கேள்வி கேட்டார். விட்டதைப் பிடிக்கத் திரும்பக் கட்டுகிறீர்களா, வீட்டில் பொய் சொல்கிறீர்களா, கட்டாத நாளில் எரிச்சல் வருகிறதா, வீட்டு விசேஷத்தைத் தவறவிட்டதுண்டா, விட நினைத்து விட முடியாமல் போயிருக்கிறதா. சாமுவேல்ராஜ் பத்துக்கும் இல்லை என்றார். அவர் எத்தனைக்கு இல்லை என்பார் என்று பின்னால் நின்ற ஊர் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தது. நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன் என்று சாமுவேல்ராஜ் சொல்லிவிட்டு, அதற்கும் திருப்பதியிடம் ஒரு பந்தயம் கட்டினார். மறுநாள் காலையே பஸ்ஸின் மேல் கட்டி, திருப்பதியிடம் தோற்றார். திருப்பதிக்குக் காடு கிடையாது. ஆகவே டீக்கடைத் தகரத்தின் மேல் மழை பெய்தது. இப்படி நாளைக்கே விட்டுவிடுவேன் என்று அவர் ஏழு தடவை கட்டினார். ஏழு தடவையும் தகரம் நனைந்தது. அவராகச் சொன்னால்தான் உண்டு, முடியவில்லை என்று அவர் வாயால் வரவேண்டும் என்று ஜெயஷீலா வந்த அன்றைக்கே எஸ்தர்ராணியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஏழாவது மழையின்போது எஸ்தர்ராணி தைத்த பாவாடைக் கட்டோடு பஸ்ஸுக்காக டீக்கடையில் ஒதுங்கி நின்றாள். தகரத்தில் விழுந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பஸ் வந்தது. அவள் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பினாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு சாமுவேல்ராஜ் வீட்டுக்குள் வந்தார். வந்தவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கவில்லை, மிஷினைப் பார்த்தார். அந்த வீட்டில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதுவும் போனால் சுஜாவின் படிப்பும் போகும், அடுப்பும் அணையும். எஸ்தர்ராணி காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

“மிஷின ரெஜின்ட்ட கட்டத்தான வந்தீங்க? என்கிட்ட கட்டுங்க.”

நாலு வருடத்தில் அவள் ஒரு பந்தயத்துக்கும் வந்ததில்லை. மனுஷனுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. என்ன பந்தயம் என்றார்.

“நீங்க பந்தயத்த விட்டுருவீங்கன்னு நான் சொல்லுதேன். விட மாட்டேன்னு நீங்க கட்டணும். மிஷின நான் வைக்கேன், நீங்க போன வையுங்க.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் என்ன மொடாக்குடியனா, நினைத்தால் நாளைக்கே விடுவேன் என்று கத்தினார். அப்படியானால் நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம், பந்தயமே இல்லை, மிஷினும் இல்லை என்று அவள் துணியை ஊசிக்கடியில் நகர்த்தினாள். அவர் வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மிஷினைப் பார்த்தார், அதன் மேலிருந்த அவள் கையைப் பார்த்தார். கட்டாமல் போய்விடலாமே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார், கால் நகரவில்லை. அப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். நாலு மணி பஸ் ஹாரன் அடித்துப் போனது. அது நேரத்துக்கு வந்ததா என்று அவர் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எஸ்தரு, என்னால முடியலட்டி. விடணும்னுதான் பாக்குதேன், முடியல. நான் விட மாட்டேன். கட்டுதேன்.”

சொல்லிவிட்டு அழுதார். போனை எடுத்து மிஷின் பலகையில் வைத்தார். அது வைக்கப்பட்ட சத்தம் அடங்குமுன் ஓட்டின் மேல் மழை விழுந்தது. ஜெயித்தவள் குடியிருப்பது அந்த வீடு. உழுவது அந்த அஞ்சு ஏக்கர். நாலு வருடமாக ஊர் முழுக்க நனையும்போது பொருக்குவெடித்துக் கிடந்த மண் அன்றைக்குக் குடித்தது. அண்டை வீட்டு வாசலில் ஒரு சொட்டு இல்லை. அவர் தோற்றதற்காக அந்த வீட்டில் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஊருக்கு வயிறு எரிந்தது. ஒரு பொம்பளை ஊரையே காயப் போட்டுவிட்டாள் என்று டீக்கடையில் பேசினோம். ஒரே ஒரு பந்தயம், சின்னதாக, ஒரு சேவல் அளவுக்கு என்று ரெஜின் நாலு பேரோடு போய்க் கேட்டார். பெனோ பானையைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். எஸ்தர்ராணி அதை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். சண்முகராஜ் அண்ணாச்சியின் கார் இரண்டு தடவை வந்து போனது, அவர் களத்தில் இப்போது குச்சி நனைகிறது. மற்றபடி மழை பழையபடி தன் இஷ்டத்துக்குப் பெய்கிறது, பெரும்பாலும் பெய்யாமல் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் கொடுத்து வறட்சி நிவாரணம் கேட்கும் பழக்கத்துக்கு நாங்கள் திரும்பிவிட்டோம். சாமுவேல்ராஜ் புதன்கிழமை தோறும் ஜெயஷீலாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறார். டீயை வீட்டில் குடிக்கிறார்.

அந்த மேகம் மட்டும் போகவில்லை. அவர் வீட்டு ஓட்டுக்கு மேலே, தென்னை உயரத்தில் நிற்கிறது. வீட்டு வாசலில் வெயிலே விழுவதில்லை என்பதால் எஸ்தர்ராணி வத்தலைப் பெனோவின் களத்தில் கொண்டுபோய்க் காயப்போடுகிறாள். காலையில் சாமுவேல்ராஜ் பல் தேய்க்க வெளியே வரும்போது மேகம் கொஞ்சம் தாழ இறங்கும். உள்ளே மிஷின் சத்தம் நிற்கும். அவர் அண்ணாந்து பார்த்து, “இன்னைக்கு இல்ல” என்பார். முதல் இரண்டு மாதம் வாயைக் கொப்பளித்துவிட்டு நின்று சொன்னார், இப்போது வாயில் நுரையோடு சொல்கிறார். மேகம் பழைய உயரத்துக்கு ஏறிக்கொள்ளும். மிஷின் மறுபடி ஓடும்.